வெஸ்லியன் பல்கலைக்கழகம்: விண்ணப்பத்திலிருந்து பட்டம் வரை ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் ஏறக்குறைய நடுவழியில் உள்ள மிடில்டவுன் என்னும் ஆற்றங்கரை நகரில் 1831-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது வெஸ்லியன் பல்கலைக்கழகம். இளநிலை மாணவர்கள் ஏறத்தாழ 3,000 பேர் மட்டுமே படிக்கும் இந்தத் தனியார் நிறுவனம் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்னும் வகையைச் சேர்ந்தது. இங்கே இயற்பியலுக்கு இத்தனை இடம், பொருளாதாரத்துக்கு இத்தனை இடம் என்று சேர்க்கையின்போது பிரிப்பதில்லை. மாணவர் பல்கலைக்கழகத்தில் சேர்கிறார். முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் பிற்பகுதியில்தான் அறிவிக்கிறார். அதுவரை என்ன படிப்பது என்பதைப் பெரும்பாலும் அவரே தீர்மானிக்கிறார். பள்ளியில் எடுத்த குரூப்பே வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்துவிடும் சூழலிலிருந்து வரும் மாணவருக்கு இது பெரிய விடுதலை. பழக்கமில்லாத விடுதலை என்பதால் முதல் இரண்டு ஆண்டுகள் வீணாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரை விண்ணப்பம், செலவு, விசா ஆகியவற்றைத் தேவையான அளவுக்குச் சொல்லிவிட்டு, பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

பெயரையும் வகையையும் முதலில் சரிபாருங்கள்

மெதடிஸ்ட் என்னும் கிறிஸ்தவச் சபையின் முன்னோடியான ஜான் வெஸ்லியின் பெயரால் அமெரிக்காவில் பல கல்வி நிறுவனங்கள் உள்ளன. ஒஹாயோ வெஸ்லியன், இல்லினாய் வெஸ்லியன், ஜார்ஜியா மாநிலத்தின் வெஸ்லியன் கல்லூரி ஆகியவை வேறு. மிடில்டவுனில் உள்ள வெஸ்லியன் வேறு. இணையத்தில் தேடும்போதும், மதிப்பெண் சான்றுகளை அனுப்பும்போதும், ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பார்ப்பது அவசியம். பெற்றோர் பலர் கேட்கும் இன்னொரு கேள்வி, இது சமயச் சார்புள்ள நிறுவனமா என்பது. தொடக்கத்தில் மெதடிஸ்ட் சபையோடு இணைந்திருந்த வெஸ்லியன், 1937-இல் அந்தத் தொடர்பை முறைப்படி முடித்துக்கொண்டது. இன்று எந்தச் சமயத்தவருக்கும் எந்தச் சமயமும் இல்லாதவருக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை.

‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்ற சொல்லில் ‘ஆர்ட்ஸ்’ இருப்பதால், வரலாறும் இலக்கியமும் மட்டும் கற்பிக்கும் இடம் என்று நம்மவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அந்தச் சொல் மிகப் பழையது. அதன் பழைய பட்டியலிலேயே இலக்கணமும் தருக்கமும் எண் கணிதமும் வடிவ கணிதமும் வானியலும் இசையும் ஒன்றாக இடம்பெற்றிருந்தன. வெஸ்லியனில் மூலக்கூறு உயிரியலும் கணிதமும் இயற்பியலும் வலுவான துறைகள். 1916 முதல் இயங்கும் வான் விளெக் வானாய்வுக்கூடம் வளாகத்தின் நடுவே நிற்கிறது. இந்த வகைக் கல்லூரிகள் பலவற்றில் இல்லாத முனைவர் பட்டப் படிப்பும் இங்கே சில துறைகளில் உண்டு. அதனால் இளநிலை மாணவர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து உண்மையான ஆராய்ச்சியில் கை வைக்க வாய்ப்பு அதிகம்.

இயற்பியல் படித்தாலும் நடனம் படித்தாலும் இங்கே இளநிலையில் கிடைப்பது பி.ஏ. பட்டம்தான் என்பதையும் இப்போதே அறிந்துகொள்ளுங்கள். அறிவியல் படித்தவருக்கு பி.எஸ்சி. இல்லையே என்று வீட்டில் கலக்கம் எழலாம். அமெரிக்காவில் உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரைவிட, எந்தப் பாடங்களை எந்த ஆழத்தில் படித்தார் என்பதையே பார்க்கிறார்கள். வேறு நாட்டில் அரசுப் பணிக்கோ, குறிப்பிட்ட பட்டப் பெயரைக் கேட்கும் படிப்புக்கோ செல்ல எண்ணுபவர்கள் மட்டும் அந்த நாட்டு விதிகளை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொறியியல்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவருக்கு இது நேர்வழி அல்ல. வேறு பல்கலைக்கழகங்களோடு சேர்ந்த இரட்டைப் பட்ட ஏற்பாடுகள் இருந்தாலும், அவை கூடுதல் காலமும் கூடுதல் செலவும் கேட்கும் சுற்றுவழி. மருத்துவம் அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகே தொடங்குகிறது. அயல்நாட்டு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் குறைவு என்பதையும் எண்ணிப் பார்த்தே அந்த நம்பிக்கையோடு இங்கே வரவேண்டும்.

விண்ணப்பம்

விண்ணப்பத்தை ‘காமன் ஆப்’ என்னும் பொதுத் தளம் வழியாக அனுப்பலாம். ஒன்பதாம் வகுப்பு முதலான மதிப்பெண்கள், இரண்டு பாட ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், பள்ளியின் சார்பில் ஓர் அறிக்கை, 650 சொற்களுக்கு உட்பட்ட ஒரு தன்னுரைக் கட்டுரை ஆகியவை அதன் முக்கியப் பகுதிகள். பள்ளியில் ஆலோசகர் இல்லையென்றால் தலைமையாசிரியரே அந்த அறிக்கையை நிரப்பலாம். ஆனால் அமெரிக்கப் படிவங்கள் அவருக்குப் புதியவையாக இருக்கும் என்பதால், கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பே அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பொருள் என்பதைப் பேசிவிடுவது நல்லது. எஸ்.ஏ.டி. போன்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்கள் 2014 முதல் கட்டாயமில்லை. நல்ல மதிப்பெண் இருந்தால் அனுப்பலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள், ஆங்கிலத் தகுதித் தேர்வு தமக்குத் தேவையா என்பதைச் சேர்க்கைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரிந்துரைக் கடிதத்தை யாரிடம் கேட்பது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். ஊரில் பெரிய பதவியில் இருப்பவரின் கடிதத்துக்கு இங்கே மதிப்பில்லை. வகுப்பில் நீங்கள் கேட்ட ஒரு கேள்வியை, ஒரு கணக்கை நீங்கள் வேறு வழியில் போட்டதை நினைவு வைத்திருக்கும் ஆசிரியரின் கடிதம்தான் பேசும். கட்டுரையும் அப்படியே. பெற்ற பரிசுகளை வரிசையாக அடுக்குவதைவிட, உங்கள் மனம் எதன் பின்னால் ஓடுகிறது, ஏன் ஓடுகிறது என்பதை நேர்மையாக எழுதுங்கள். முன்னாள் மாணவரின் பிள்ளை என்பதற்காகச் சலுகை காட்டும் வழக்கத்தை வெஸ்லியன் 2023-ஆம் ஆண்டு ஜூலையில் கைவிட்டது. குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கடல் கடந்து படிக்கச் செல்பவருக்கு இது நல்ல செய்தி.

‘எர்லி டிசிஷன்’ என்ற முன்கூட்டிய முறையில் விண்ணப்பித்தால், இடம் கிடைத்ததும் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற உறுதிமொழியைத் தருகிறீர்கள். நிதியுதவி போதவில்லையென்றால் விலகிக்கொள்ள வழியுண்டு. ஆனாலும் வேறு கல்லூரிகள் தரும் உதவியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை இழக்கிறீர்கள். பணத்தைப் பற்றிய கவலை பெரிதாக உள்ள குடும்பங்கள் இந்த உறுதிமொழி கேட்காத வழக்கமான விண்ணப்ப முறையில் செல்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

செலவும் நிதியுதவியும்

கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுச் செலவு 90,000 டாலரை ஒட்டியது. நான்கு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் மிகச் சில குடும்பங்களாலேயே முழுவதையும் கட்ட முடியும். ஆகவே நிதியுதவியின் விதிகளை விண்ணப்பத்துக்கு முன்பே முழுமையாகப் படித்தாக வேண்டும். அயல்நாட்டு மாணவர் விஷயத்தில் சேர்க்கைக் குழு நிதித் தேவையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதாவது உதவி கேட்பவருக்குப் போட்டி கடுமை. ஆனால் உதவி கேட்டு இடமும் பெற்றுவிட்டவருக்கு, பல்கலைக்கழகம் கணக்கிடும் முழுத் தேவையையும் ஈடுசெய்ய முனைகிறது. கடன் என்ற வகையை உதவித் தொகுப்பிலிருந்து நீக்கி, அந்த இடத்தில் திருப்பித் தர வேண்டாத மானியத்தை வைக்கும் முடிவையும் அண்மையில் எடுத்திருக்கிறது.

முதலில் உதவி கேட்காமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒருபோதும் திட்டமிடாதீர்கள். சேரும்போது கேட்காத அயல்நாட்டு மாணவருக்குப் பின்னர் அந்தக் கதவு திறப்பதில்லை. குடும்ப வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றை ‘சிஎஸ்எஸ் புரொஃபைல்’ என்னும் படிவத்தில் தர வேண்டும். விவசாய வருமானம், கூட்டுக் குடும்பச் சொத்து, அடகு வைத்த நகை போன்றவை அந்தப் படிவத்தின் கட்டங்களில் எளிதில் அடங்குவதில்லை. அப்படியான நிலையில் ஒரு தனிக் கடிதத்தில் உண்மையை உண்மையாக விளக்கி இணைப்பதே சரியான வழி.

ஃபிரீமன் உதவித்தொகை என்று ஒன்று உண்டு. சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட 11 ஆசிய நாடுகள், பகுதிகளிலிருந்து ஆண்டுக்கு 11 மாணவர்கள் வரை அதன் கீழ் சேர்க்கப்படுகிறார்கள். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூர், மலேசியத் தமிழ் மாணவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. கோடைக்காலப் பாடங்களைச் சேர்த்து மூன்றே ஆண்டுகளில் பட்டம் பெறும் வழியும் இருக்கிறது. செலவு குறையும், ஆனால் இந்தப் படிப்பின் பயனில் பெரும்பகுதி அவசரமின்மையில் இருக்கிறது என்பதால், வேறு வழியே இல்லாதவருக்கு மட்டுமே அதைச் சொல்வேன்.

விசாவும் பயணமும்

இடம் உறுதியானதும் பல்கலைக்கழகம் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்னும் படிவத்தை அனுப்பும்; அதற்கு முதலாண்டுச் செலவை ஈடுசெய்யும் பணத்துக்கான சான்று தேவை. அதன்பின் அயல்நாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் ‘செவிஸ்’ அமைப்புக்கான கட்டணமாக 350 டாலரைச் செலுத்தி, டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கான நேர்காணலுக்கு நாள் குறிக்க வேண்டும். படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாட்களுக்கு மேல் முன்னதாக நாட்டுக்குள் நுழைய அனுமதியில்லை. வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை செய்யலாம். பட்டம் முடித்தபின் 12 மாதம் தொழிற்பயிற்சிக்கு அனுமதி உண்டு. அறிவியல், கணிதம் போன்ற பிரிவுகளில் மேலும் 24 மாதம் கிடைக்கும். அந்த நீட்டிப்பை முதன்மைப் பாடத்துக்குரிய குறியீடுதான் தீர்மானிக்கிறது, பி.ஏ. என்ற பெயர் அதற்குத் தடையில்லை. முதன்மைப் பாடத்தை அறிவிக்கும் முன் அதன் குறியீட்டை அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹார்ட்ஃபோர்டுக்கு வடக்கே உள்ள பிராட்லி விமான நிலையம்தான் அருகில் இருப்பது. மிடில்டவுனுக்குப் பயணிகள் ரயில் இல்லை. பக்கத்து ஊரான மெரிடனில் இறங்கி வர வேண்டும். குளிர்காலம் நீண்டது, பனி கொட்டும். கனமான மேலங்கியை அங்கே போய் வாங்குவதே நல்லது.

முதல் செமஸ்டரில் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பட்டத்துக்கு 32 கிரெடிட், அதாவது பாட அலகுகள், வேண்டும். பெரும்பாலான பாடங்கள் ஒரு கிரெடிட் என்பதால், எட்டு செமஸ்டர்களில் ஒவ்வொன்றிலும் நான்கு பாடங்கள் என்பது சாதாரணக் கணக்கு. எல்லோரும் படித்தே தீர வேண்டிய பொதுத்தாள் என்று ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக, கலையும் மனிதப் பண்பியல் துறைகளும், சமூக அறிவியல், இயற்கை அறிவியலும் கணிதமும் என்ற மூன்று பிரிவுகளிலும் மூன்று மூன்று பாடங்கள் படிக்க வேண்டும் என்ற ‘எதிர்பார்ப்பு’ இருக்கிறது. அவற்றில் இரண்டிரண்டை இரண்டாம் ஆண்டின் முடிவுக்குள் முடிக்கச் சொல்கிறார்கள். எதிர்பார்ப்புதானே, கட்டாயமில்லையே என்று அலட்சியம் செய்யக் கூடாது. அதை நிறைவேற்றாதவருக்குப் பல்கலைக்கழக அளவிலான சிறப்புத் தகுதிகள் கிடைப்பதில்லை; சில துறைகள் தம் மாணவருக்கு இதைக் கட்டாயமாகவே வைத்திருக்கின்றன.

பாடங்களின் முழு விவரமும் ‘வெஸ்மேப்ஸ்’ என்னும் இணையப் பட்டியலில் கிடைக்கும். கோடையில் அதைத் திறந்து பார்க்கும் புதிய மாணவர் திகைத்துப் போவார். நான் பரிந்துரைக்கும் முறை இது. முதலில், படிக்க ஆசைப்படும் இருபது பாடங்களைத் துறை பார்க்காமல் எழுதுங்கள். அடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன் எந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்பதைப் பாருங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், புதிய மொழிகள் ஆகியவை படிக்கட்டுகள் போல; ஒரு படியை முதலாண்டில் தவறவிட்டால் அடுத்த படிக்கு ஓராண்டு காத்திருக்க நேரும். மருத்துவ ஆராய்ச்சியில் நாட்டம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று தயங்குபவர்கூட வேதியியலின் முதல் பாடத்தை முதல் செமஸ்டரிலேயே எடுத்துவிடுவது நல்லது. வரலாறு, தத்துவம், சமூகவியல் போன்றவற்றில் பிந்தி வந்தாலும் இடம் உண்டு.

ஆக, நான்கு பாடங்களில் ஒன்று படிக்கட்டுப் பாடமாக இருக்கட்டும். இன்னொன்று முதலாண்டுக் கருத்தரங்கு வகுப்பு. சிறு குழுவாக உட்கார்ந்து எழுதியும் விவாதித்தும் கற்கும் இந்த வகுப்பை நம் மாணவர்கள் தவறவே விடக்கூடாது. ஏனென்றால், பள்ளியில் விடையை நினைவில் வைத்து எழுதிப் பழகியவருக்கு, தன் கருத்தை ஆதாரத்தோடு நிறுவும் கட்டுரை எழுதுவதுதான் மற்ற எல்லா வகுப்புகளிலும் முட்டுக்கட்டையாக நிற்கும். மூன்றாவது, பள்ளியில் பெயரே கேள்விப்படாத ஒரு துறை. நான்காவது, ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றின் அடுத்த கட்டம். புதிய நாட்டில் முதல் சில மாதங்களுக்குத் தன்னம்பிக்கை தரும் ஒரு வகுப்பு தேவை. வாரந்தோறும் கட்டுரை கேட்கும் பாடங்களை ஒரே செமஸ்டரில் மூன்று எடுத்துவிடாதீர்கள்.

விரும்பிய வகுப்பில் இடம் நிரம்பிவிட்டால் மனம் தளர வேண்டாம். செமஸ்டர் தொடங்கியபின் பாடங்களை விடவும் சேர்க்கவும் ஏறத்தாழ இரண்டு வாரம் அவகாசம் தருகிறார்கள். முதல் வகுப்புக்கே போய் உட்காருங்கள், பேராசிரியருக்கு முன்கூட்டியே சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், இடம் காலியாகும்போது உங்கள் பெயர் அவர் நினைவில் இருக்கும். ஒவ்வொரு மாணவருக்கும் வழிகாட்டும் பேராசிரியர் ஒருவரை ஒதுக்குகிறார்கள். அவரிடம் கையொப்பம் மட்டும் வாங்கிவந்துவிடுவது பெரும் இழப்பு. பேராசிரியர்கள் மாணவரைச் சந்திக்கவென்றே வாரந்தோறும் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். சந்தேகம் இருந்தால்தான் போக வேண்டும் என்பதில்லை. பெரியவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற நம் வளர்ப்பு இங்கே கைகொடுக்காது. போகாதவரை ஆர்வமில்லாதவர் என்றே எண்ணுவார்கள்.

கர்நாடக இசையும் ஒரு பாடம்

தமிழ் மாணவர்கள் பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று. கர்நாடக வாய்ப்பாட்டும் மிருதங்கமும் வெஸ்லியனில் பல பத்தாண்டுகளாகப் பட்டத்துக்குரிய பாடங்களாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றன. வீணை தனம்மாளின் பேரர்களும் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பிகளுமான டி.ரங்கநாதனும் டி.விஸ்வநாதனும் இங்கே ஆசிரியர்களாக இருந்தவர்கள். மிருதங்க வித்வான் ரங்கநாதன் 1963-இல் வந்தார். புல்லாங்குழல் வித்வான் விஸ்வநாதன் 1975-இல் இங்கேயே முனைவர் பட்டம் பெற்று, பின் 2002-இல் மறையும்வரை இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தார். ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நவராத்திரி விழா இங்கே நடக்கிறது.

‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று நம் ரசிகர்கள் அன்போடு அழைத்த ஜான் ஹிக்கின்ஸ் இந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர். 1962-இல் இசை, வரலாறு ஆகிய இரண்டையும் முதன்மைப் பாடங்களாகக் கொண்டு பி.ஏ. பெற்றார், 1973-இல் முனைவர் பட்டமும் இங்கேயே. ஒருவர் இரண்டு முதன்மைப் பாடங்களை எடுப்பதால் என்ன நேரும் என்பதற்கு அவரைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சிறு வயதில் பாட்டோ நடனமோ கற்று, பொதுத்தேர்வுக்காக நிறுத்தியவர் என்றால், அதை இங்கே மீண்டும் தொடங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த கலையை முறையான ஆய்வுக் கண்ணோடு பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

இரண்டாம் ஆண்டும் அதற்குப் பிறகும்

முதன்மைப் பாடத்தை இரண்டாம் ஆண்டின் இரண்டாம் செமஸ்டரில் அறிவிக்க வேண்டும். இதற்கு முக்கியமான விலக்கு இரண்டு. 1959-இல் தொடங்கப்பட்ட சமூக ஆய்வியல் கல்லூரி, இலக்கியக் கல்லூரி ஆகிய இரண்டு சிறப்புத் திட்டங்களில் சேர முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். முன்னது வரலாறு, பொருளாதாரம், அரசியல், தத்துவம் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பிப்பது. இரண்டாம் ஆண்டில் வாரந்தோறும் ஒரு கட்டுரை எழுத வேண்டும், எழுத்துத் தரக்குறிகளுக்குப் பதிலாக ஆசிரியரின் விரிவான மதிப்புரை கிடைக்கும். பின்னது இலக்கியம், வரலாறு, தத்துவம் ஆகியவற்றோடு ஓர் அயல்மொழியையும் வெளிநாட்டில் ஒரு செமஸ்டரையும் கேட்பது. முதலாவதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரும் சிஎஸ்எஸ்தான்; நிதியுதவிப் படிவத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தேர்வுகளில் நேர்மை உறுதிமொழி என்னும் ஏற்பாடு 1893 முதல் நடைமுறையில் உள்ளது. தேர்வறையில் கண்காணிப்பாளர் இல்லாமல் போகலாம். இது என் சொந்த உழைப்பு என்று எழுதிக் கையொப்பமிடுகிறார் மாணவர். பிறர் எழுதியதைக் குறிப்பிடாமல் எடுத்தாள்வது இங்கே கடுமையான குற்றம். நம் பள்ளிகளில் புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதுவது நல்ல விடையாகக் கருதப்படுகிறது. அதே பழக்கம் இங்கே, தீய நோக்கம் சிறிதும் இல்லாத மாணவரைக்கூட விசாரணையில் நிறுத்திவிடும். மேற்கோள் காட்டும் முறையை முதல் மாதத்திலேயே நூலகரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான்கு ஆண்டும் ஏறத்தாழ எல்லா மாணவரும் வளாகத்திலேயே தங்குகிறார்கள். முதலாண்டில் விடுதி அறை. ஆண்டு கூடக் கூட, நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளும் அடுக்கு வீடு, தனி வீடு என்று பொறுப்பும் கூடுகிறது. கடைசி ஆண்டில் தாமே சமைத்துக்கொள்வோர் பலர்.

நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுத விரும்புபவர், மூன்றாம் ஆண்டின் வசந்த காலத்துக்குள் வழிகாட்டும் பேராசிரியரைப் பேசி முடித்துவிட வேண்டும். அவரும் உங்கள் எழுத்தை ஏற்கெனவே படித்தவராக இருந்தால்தான் ஒப்புக்கொள்வார். அதற்கு அவருடைய வகுப்பு ஒன்றை மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலாவது எடுத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்கும் எண்ணமும் இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆகவே இரண்டாம் ஆண்டில் முதன்மைப் பாடத்தை அறிவிக்கும் அதே வாரத்தில், மீதமுள்ள நான்கு செமஸ்டர்களையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, வழிகாட்டும் பேராசிரியரிடம் காட்டுங்கள்.